ஒரு ஊரில் நாயகன், மறு ஊரில் வில்லன்: ரெஸ்லிங் பாத்திரங்கள் யாருக்காகத் தைக்கப்படுகின்றன?

1997-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், லயத்து வீடு. எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்த மாமா வீட்டில்தான் வீடியோ டெக் இருந்தது. சம்பளம் போட்ட வாரம் டவுனுக்குப் போய் வாடகைக்கு ரெஸ்லிங் டேப் எடுத்து வருவார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பையன்கள் சிமெண்டுத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்ப்போம்.

எங்கள் எல்லாருக்கும் பிரெட் ஹார்ட் என்றால் உயிர். மேடைக்கு வரும்போது தன் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசையில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தைக்கு மாட்டிவிட்டுப் போவார். அந்தக் குழந்தை நாங்களாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறோம். அப்படிப்பட்ட மனுசனை அந்த வருடம் ஒரு டேப்பில் அரங்கமே கூச்சலிட்டுத் திட்டியது. அவருடைய எதிரி ஸ்டீவ் ஆஸ்டின் வந்தால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். அடுத்து வந்த டேப்பில் எல்லாம் தலைகீழ். பிரெட் ஹார்ட்டைக் கண்டதும் ஆனந்தக் கூத்தாடுகிறார்கள், ஆஸ்டினைத் திட்டித் தீர்க்கிறார்கள்.

"மாமா, டேப்பு மாத்திக் குடுத்துட்டானா?" என்று கேட்டேன்.

"டேப்பு மாறலடா. ஊருதான் மாறிடுச்சு. இது கனடா. பிரெட் ஹார்ட்டு பொறந்த ஊரு" என்றார் மாமா.

ரெஸ்லிங்கைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். இப்போது என் அக்கா மகன் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். ரெஸ்லிங்கைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கும், "எல்லாம் பொய்தானே, இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கும் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. டிவியில் காட்டும் ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவாகிவிடும். விழுவதும் எழுவதும் உடம்பு நோகச் செய்யும் உண்மையான வேலை. முடிவு மட்டும் எழுதப்பட்டது. கூத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் சாவான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம், ஏனென்றால் வேஷம் கட்டியவர் எப்படி ஆடுகிறார் என்பதுதான் விஷயம்.

ரெஸ்லிங்கில் அந்த வேஷத்துக்குப் பெயர் கிம்மிக். நல்லவர் பேபிஃபேஸ், சுருக்கமாக ஃபேஸ். கெட்டவர் ஹீல். நல்லவர் கெட்டவராக மாறுவதும் கெட்டவர் நல்லவராக மாறுவதும் டர்ன். கூட்டம் சந்தோஷத்தில் எழுப்பும் சத்தம் பாப், வெறுப்பில் எழுப்பும் சத்தம் ஹீட். இந்த ஆறு சொல் தெரிந்தால் போதும். நம் பக்கத்தில் ஹீரோ, வில்லன் என்றே சொல்கிறோம், அதுவும் சரிதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கிம்மிக் என்பது தீபாவளிச் சட்டை மாதிரி அளவெடுத்துத் தைப்பது. ஆனால் அளவெடுப்பது ரெஸ்லரின் உடம்பை வைத்து மட்டும் இல்லை. டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆசை, என்ன பயம், யார்மீது கோபம் என்பதையும் சேர்த்து அளவெடுக்கிறார்கள். கூட்டம் மாறினால் அதே சட்டை பொருந்தாமல் போய்விடும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பழைய நியூயார்க். அங்கே மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கூடியவர்களில் பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் ஏராளம். இத்தாலிக்காரர்கள் ஒரு பக்கம், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். இன்று WWE என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் பட்டத்தை 1963-இல் அங்கே வென்றவர் புரூனோ சம்மார்ட்டினோ. இத்தாலியில் பிறந்து, உலகப் போரின்போது குடும்பத்தோடு மலையில் ஒளிந்து உயிர் தப்பி, 1950-இல் அமெரிக்கா வந்தவர். இவருக்கென்று தனியாக வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. மேடையில் நின்ற அந்த மனிதரைப் பார்த்து, கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்த இத்தாலிக்காரர் ஒவ்வொருவரும் "இவன் நம்ம வீட்டுப் பிள்ளை" என்று நினைத்தார்கள். ஏழரை வருடத்துக்கும் மேல் பட்டம் அவரிடமே இருந்தது.

1971 ஜனவரியில் அவர் தோற்றபோது அரங்கமே வாயடைத்துப் போனது. அந்த நிசப்தத்தில் தன் காதுதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவரைத் தோற்கடித்தவர் இவான் கோலோஃப், ரஷ்யாவிலிருந்து வந்த கரடி என்ற வேஷம். நிஜத்தில் அவர் கனடாவின் கியூபெக் மாநிலத்துக்காரர். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் வெறுக்க ஒரு ரஷ்யர் வேண்டும், அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் அந்தக் கோலோஃபைத் தோற்கடித்துப் பட்டத்தை வாங்கினார் பெட்ரோ மொராலெஸ், புவேர்ட்டோ ரிக்கோக்காரர்.

இங்கே ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். சம்மார்ட்டினோவிடமிருந்து மொராலெஸ் நேராகவே பட்டத்தை வாங்கியிருக்கலாமே, நடுவில் ஏன் ஒரு ரஷ்யர்? இரண்டு பேரும் நாயகர்கள். மொராலெஸ் கையால் சம்மார்ட்டினோ தோற்றால் இத்தாலிக்காரர்களின் மனம் புண்படும், அடுத்த மாதம் டிக்கெட் வாங்க யோசிப்பார்கள். அதனால் பழி முழுவதையும் சுமக்க நடுவில் ஒரு வில்லன். ஒரு கூட்டத்தின் துக்கத்துக்கும் இன்னொரு கூட்டத்தின் கொண்டாட்டத்துக்கும் நடுவே பாலமாக நின்றவர் கோலோஃப்.

1972-இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் சம்மார்ட்டினோவையும் மொராலெஸையும் மோதவே விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் போராடி, நேரம் முடிந்துவிட்டது என்று ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார்கள். ஊர்த் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களுக்கும் மரியாதை குறையாமல் தேர் வடத்தைக் கொடுக்கத் தெரிந்த பெரியவர் இருப்பாரே, அந்தச் சாமர்த்தியம்தான் இது.

சொந்த ஊர், சொந்த இனம் என்று பிரிப்பது ஒரு வகை. வயதை வைத்துப் பிரிப்பது இன்னொரு வகை.

1984 ஜனவரியில் ஈரானில் பிறந்த அயர்ன் ஷேக்கைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கிய ஹல்க் ஹோகனை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் சிவப்புமாக உடை. பிரார்த்தனை செய்யுங்கள், வைட்டமின் சாப்பிடுங்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்கு அறிவுரை. எதிரியாக ஈரானியர் நின்றது தற்செயல் அல்ல. டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்து ஆட்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்த சம்பவம் 1981-இல்தான் முடிந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்த நாயகன், பெற்றோருக்குக் கோபம் வரவைக்கும் வில்லன் என்று ஒரே ஆட்டத்தில் இரண்டு தலைமுறைக்கும் தீனி போட்டார்கள்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் இன்னொரு நிறுவனம் திங்கட்கிழமை இரவில் போட்டியாக நிகழ்ச்சி போட்டு, வாலிப வயதுப் பார்வையாளர்களைத் தன் பக்கம் இழுத்தது. கோமாளி, குப்பைக்காரர் என்று பிள்ளைகளுக்காகச் செய்த வேஷங்கள் இனி எடுபடவில்லை. அப்போது வந்தவர்தான் ஸ்டீவ் ஆஸ்டின். மொட்டைத் தலை, கருப்பு பனியன், கையில் பீர் டின். இவருக்கு எதிரி வெளிநாட்டுக்காரர் இல்லை, ராட்சசனும் இல்லை. கோட்டும் டையும் கட்டிய முதலாளி வின்ஸ் மெக்மஹன். 1997 செப்டம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அந்த முதலாளியை ஆஸ்டின் முதல் தடவை அடித்துச் சாய்த்தார். 1999 மார்ச்சில் ஒரு பீர் லாரியையே அரங்குக்குள் ஓட்டி வந்து குழாயைத் திருப்பி மேடையில் நின்றவர்களை நனைத்தார்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டில், ஆள் எண்ணும் வரிசையில் நின்று, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடமும் கணக்கெழுதும் கிராணியிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் காசு இல்லை. ஒரு மாதம் எடை குறைத்து எழுதிவிட்டார்கள் என்று அவர் புலம்பியது எனக்கு நினைவிருக்கிறது. கேட்டாரா என்றால் கேட்கவில்லை. கேட்டால் வீடும் போய்விடும், வீடு தோட்டத்துடையது. அந்த அப்பா ரெஸ்லிங் பார்க்கவே மாட்டார். ஆனால் ஆஸ்டின் அந்த முதலாளியை அடித்த டேப் ஓடியபோது வாசற்படியில் நின்றபடி பார்த்தார். கையில் தேத்தண்ணிக் கிளாஸ் அப்படியே இருந்தது. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. "யாரு அவன், மானேஜரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "இன்னொருக்கா போடு" என்றார்.

டெக்சாஸ்காரர் ஒருவருக்காகத் தைத்த வேஷம் அது. அமெரிக்கத் தொழிலாளிக்கு அளவெடுத்தது. கடல் கடந்து வந்து எங்கள் லயத்து வாசற்படியில் நின்ற மனிதருக்கும் அது பொருந்தியது. ரெஸ்லிங்கை நான் மதிப்பதற்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

திரும்பவும் காற்று மாறியது. 2008-இல் WWE நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்க்கும் வகைக்கு மாற்றினார்கள். விளம்பரக்காரர்களும் பொம்மை நிறுவனங்களும் விரும்புவது அதைத்தான். அந்தக் காலத்தின் முகம் ஜான் சீனா. பளிச்சென்ற நிறத்தில் சட்டை, தொப்பி, மணிக்கட்டுப் பட்டை. கொஞ்ச நாளில் நிறம் மாறும், பிள்ளைகள் புதுசு கேட்பார்கள். எங்கள் டவுன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில்கூட அந்தச் சட்டையின் நகல்கள் குவியலாகக் கிடந்தன. கடும் நோயில் இருக்கும் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் அமைப்பின் வழியாக 650 பிள்ளைகளை அவர் நேரில் சந்தித்ததற்கு 2022-இல் கின்னஸ் பதிவே இருக்கிறது. அதில் வேஷம் எதுவும் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் பெரிய ஆண்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. "வா சீனா வா" என்று பிள்ளைகளும் பெண்களும் கீச்சுக்குரலில் கத்த, "சீனா மட்டம்" என்று தடித்த குரலில் ஆண்கள் பதிலுக்குக் கத்துவார்கள். ஒரே அரங்கில், ஒரே தாளத்தில், மாறி மாறி. அந்த மாற்றத்துக்கு முன்பே, 2006 ஜூனில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவர் தன் சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். கூட்டம் அதைத் திருப்பி அவர் மேலேயே எறிந்தது. திரும்ப வீசினார், திரும்ப வந்தது. பந்து விளையாட்டுப் போல நடந்தது. அந்த ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள் ரத்தமும் கதையுமாக முரட்டு ரெஸ்லிங் பார்த்துப் பழகிய பெரியவர்கள். பிள்ளைகளுக்குத் தைத்த சட்டையை அவர்களிடம் நீட்டினால் வேறென்ன நடக்கும்?

அப்படியென்றால் நிறுவனம் ஏன் சீனாவை வில்லனாக்கவில்லை? திட்டுகிறவரும் டிக்கெட் வாங்கித்தான் திட்டுகிறார். கைதட்டுகிற பிள்ளைக்கு அப்பா சட்டை வாங்கித் தருகிறார். இரண்டு சத்தமும் சேர்ந்தால்தான் அரங்கம் அதிரும். மௌனம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பாத்திரத்தை எழுதுகிறவர்கள் முதலில் கேட்பது இந்தச் சத்தத்தைத்தான், அப்புறம் எந்தச் சட்டை விற்கிறது என்று பார்ப்பார்கள்.

நாடு தாண்டினால் கதை இன்னும் சுவாரசியமாகிறது. நம் தாத்தா காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பேர்போனவர்கள் கிங்காங்கும் தாராசிங்கும். கிங்காங் அன்றைய ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா, மலைபோல உடம்பு. தாராசிங் பஞ்சாபிலிருந்து 1947-இல் சிங்கப்பூர் வந்தவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் உழைத்துக்கொண்டிருந்த இந்தியர்களுக்கு, ஒரு வெள்ளை ராட்சசனை நம் ஊர்க்காரர் தூக்கிப் போடுவது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இன்றைக்கும் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்டால் "கிங்காங் தாராசிங் மாதிரி" என்கிறோம்.

அதே மருந்தை ஜப்பானும் குடித்தது. போரில் தோற்ற மக்களுக்கு முன்னால் 1954-இல் ரிக்கிடோசான் வெள்ளைக்கார ரெஸ்லர்களைக் கையால் வெட்டிச் சாய்த்தார். தெருவில் வைத்த டிவிப் பெட்டிகளுக்கு முன்னால் ஜனம் அலைமோதியது. ஜப்பானின் தன்மானமாக நின்ற அவர் கொரியாவில் பிறந்தவர். அதை அப்போது மறைத்தே வைத்திருந்தார்கள்.

டைகர் ஜீத் சிங்கைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து கனடா போனவர். டொராண்டோவில் மக்கள் கொண்டாடிய ஆள். ஜப்பானில் வாளை ஓங்கிக்கொண்டு பார்வையாளர்களைத் துரத்தும் கொடூர வில்லன். அவர் ஏறிய விமானம் இறங்கும் ஊரைப் பொறுத்துக் குணம் மாறியது.

எங்கள் தலைமுறைக்கு வந்தது தி கிரேட் காளி. இமாச்சலப் பிரதேசத்துத் தலிப் சிங் ராணா, பஞ்சாப் போலீசில் இருந்தவர். 2006-இல் வந்ததும் அண்டர்டேக்கரையே வீழ்த்தினார். அமெரிக்காவில் அவர் பயமுறுத்தும் அந்நிய ராட்சசன். எங்கள் தாமானில் எதிர்வீட்டுப் பையன் "நம்மாளு, காளியம்மா பேரு வெச்சிருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். 2007 ஜூலையில் பட்டம் வாங்கினார். பிறகு அவரையே ஆடிப் பாடும் கலகலப்பான ஆளாக மாற்றிவிட்டார்கள். பயமுறுத்த வந்தவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டால் அதுதான் வழி.

2017 மே மாதம் ஜிண்டர் மஹாலுக்குப் பெரிய பட்டத்தைக் கொடுத்தார்கள். இந்தியச் சந்தைக்குக் குறிவைத்து என்று பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அவருக்குத் தைத்த வேஷம் அமெரிக்கர்களைத் திட்டும் வில்லன், தலைப்பாகையும் பஞ்சாபியும் அந்த வெறுப்புக்குத் தூண்டுகோல். இந்தியரைச் சந்தோஷப்படுத்த வந்த பாத்திரம், இந்தியராக இருப்பதையே திட்டு வாங்கும் காரணமாக்கியது. இது அளவு தப்பிய தையல் என்பது என் கருத்து. இங்கே சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து பார்த்த எங்களுக்குக் கைதட்டுவதா, கூச்சப்படுவதா என்றே தெரியவில்லை.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. உகாண்டாக் காட்டுவாசி என்று காட்டிய கமாலா, அமெரிக்காவின் மிசிசிப்பிக்காரர். 2004-இல் அரபு அமெரிக்கராக வந்த முகமது ஹசன், நிஜத்தில் இத்தாலிய வம்சாவளி. அவர் பாத்திரம் தீவிரவாதிகள் போன்ற ஆட்களைக் கூட்டி வந்து தாக்கும் காட்சி, 2005 ஜூலை 7-ஆம் தேதி லண்டனில் குண்டு வெடித்த அதே நாளில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. ஒளிபரப்பு நிறுவனம் அதன் பிறகு அவரைத் திரையில் விரும்பவில்லை, பாத்திரம் அத்தோடு முடிந்தது. ஒரு கூட்டத்தின் பயத்தை வைத்துச் சம்பாதிக்கும்போது இன்னொரு கூட்டம் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை மறந்தவர்கள் செய்த தவறு இது, மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நோர் டயானா என்ற இளம்பெண் மலேசியா புரோ ரெஸ்லிங்கில் ஃபீனிக்ஸ் என்ற பெயரோடு, ஹிஜாப் அணிந்தே மேடை ஏறினார். 2019 ஜூலையில் நான்கு ஆண்களைத் தோற்கடித்து ரெஸ்ல்கான் பட்டத்தை வென்றார். ஆளும் சின்ன உருவம். வேறு நாட்டில் இது புதுமை. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது தினமும் கண்ணாடியில் பார்க்கும் உருவம். இதைவிடப் பொருத்தமாக யாரும் தைத்துவிட முடியாது, ஏனென்றால் யாரும் தைக்கவே இல்லை. சம்மார்ட்டினோவைப் போல அவர் தன்னையே கொண்டு வந்தார்.

அதே 2019 அக்டோபர் 31-இல் சவுதி அரேபியாவில் முதல் பெண்கள் ஆட்டம் நடந்தது. நட்டாலியாவும் லேசி எவன்ஸும் கழுத்திலிருந்து கால்வரை மூடிய உடையில் வந்தார்கள். அங்கே சவுதிக்காரரான மன்சூர் அரங்கின் செல்லப்பிள்ளையாக நின்று ஜெயித்தார். ஊருக்கேற்ற உடை, ஊருக்கேற்ற வெற்றி.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். யார் அடிக்கிறார், யார் விழுகிறார் என்று பார்ப்பதைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். கேமரா கூட்டத்தைக் காட்டும்போது கவனியுங்கள். முன்னால் நிற்பது சின்னப் பிள்ளைகளா, தாடி வைத்த ஆண்களா? பதாகையில் என்ன எழுதியிருக்கிறார்கள்? எந்தச் சட்டை அதிகம் தெரிகிறது? இந்த வாரம் எந்த ஊர்? நான்கு வாரம் இப்படிப் பார்த்தால், அடுத்து யார் டர்ன் ஆகப் போகிறார் என்று நீங்களே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. போன வாரம் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு ரெஸ்லர் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினான். பச்சை முகமூடி, தோளில் செம்பனைக் குலை, கையில் குலை அறுக்கும் நீளக் கம்பு. நான் இருந்த லயம் இப்போது இல்லை, ரப்பர் மரமும் இல்லை, அங்கெல்லாம் செம்பனைதான்.

"ஹீரோவா வில்லனாடா?" என்று கேட்டேன்.

பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "சுங்கை சிப்புட்டுல நடந்தா ஹீரோ, மாமா" என்றான். "கோலகங்சார்ல நடந்தா வில்லன்."

அப்புறம் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், அந்தக் கம்புக்குச் சிவப்பு நிறம் தீட்ட உட்கார்ந்தான்.